பொக்கைவாய்க் கோடரி

அத்தியாயம் 9

திருட்டு என்றால் ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும். அதுதான் முறை. டூபெக் கிராமத்துத் தச்சன் ரதிமின் பட்டறைக்குள் புகுந்த ஆசாமி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு கைக்கோடரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். வைத்ததோடு நிற்காமல் அதன் வாயில் இருந்த பொக்கையை அராவி எடுத்து, கூர் தீட்டி, காம்புக்கு எண்ணெயும் பூசியிருந்தான்.

"இப்படி ஒரு திருடன் எங்க வீட்டுக்கும் வந்தா நல்லாயிருக்கும்," என்றேன். "கத்தரிக்கோல் ரெண்டு மழுங்கிக் கெடக்கு."

துப்பறியும் லுபோர் ஹனாக் சிரிக்கவில்லை. அவர் பற்களைப் பார்த்த ஒரே மனிதர் அவருடைய பல் டாக்டர்தான். கோடரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யித்கா, அவருடைய உதவியாளர். என் வேலையின் முக்கியமான பகுதி குடிப்பது. இந்த மொராவியக் கிராமங்களில் வாசற்படி தாண்டினால் பிளம் சாராயம் ஊற்றிவிடுவார்கள். வேண்டாமென்றால் வீட்டுக்காரரையும் அவருடைய பிளம் மரத்தையும் சேர்த்து அவமானப்படுத்தியதாக அர்த்தம். ஹனாக்குக்கு ஒரு சொட்டு உள்ளே போனாலும் சாயங்காலம் வரை தும்மல் நிற்காது. ஆகவே அவர் பங்கையும் நானே குடிப்பேன். காரை அவர் ஓட்டுவார். இந்த ஏற்பாட்டில் எனக்கு இதுவரை குறை ஒன்றும் இல்லை.

விவகாரம் இதுதான். பக்கத்து ஊரான லிப்காவாவில் ஏப்ரல் கடைசி நாளில், வசந்தத்தை வரவேற்க, மே கம்பம் நட்டார்கள். பட்டை உரித்த நெட்டை ஸ்ப்ரூஸ் மரம், உச்சியில் பச்சைக் கொப்பும் கலர் நாடாக்களும். நட்ட மூன்று இரவுக்குக் காவல் உண்டு. அதற்குள் அடுத்த ஊர்ப் பையன்கள் புகுந்து வெட்டிச் சாய்த்துவிட்டால் அது வீரம்; கம்பத்தைப் பறிகொடுத்த ஊர் வருஷம் பூராவும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். மூன்று இரவு தாண்டிவிட்டால் யாரும் தொடக் கூடாது. தொட்டால் அது துரோகம். லிப்காவாவின் கம்பம் நான்காவது இரவு, பேய்க்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது வெட்டுப்பட்டு விழுந்தது.

காலையில் பார்த்தால் சுற்றிலும் மரச்சில்லுகள். ஒவ்வொரு சில்லிலும் வெட்டுப்பட்ட பக்கத்தில் நூல் ஒட்டினாற்போல மெலிதாக ஒரு மேடு. கோடரியின் வாயில் பொக்கை இருந்தால் அந்த இடத்தில் மரம் வெட்டுப்படாமல் அப்படித்தான் கோடாக நிற்கும். யாருடைய கோடரி பொக்கைவாய்க் கோடரி என்று இரண்டு ஊருக்கும் தெரியும். பழைய உத்தரம் ஒன்றைச் செதுக்கும்போது உள்ளே ஒளிந்திருந்த ஆணியில் அடித்து வாய் உடைந்துபோன கதையை, ரதிம் மதுக்கடையில் உட்கார்ந்து கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொல்லி அழுதிருந்தான். மறுநாள் லிப்காவாக்காரர்கள் கூட்டமாக அவன் பட்டறைக்கு வந்தார்கள். கோடரி இருந்தது. பொக்கை இல்லை. 'தடயத்தை அழித்துவிட்டான்' என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை ரதிமுக்குக் கல்யாணம். பெண் லிப்காவாக்காரி, பெயர் அபொலேனா. அவள் அப்பா மெதோத், லிப்காவா தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவர். கம்பத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பதும் நடுவதும் காப்பதும் அந்தப் படையின் பொறுப்பு. கம்பம் விழுந்த காலையில் ஊர் மைதானத்தில் நின்று அவர் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "இதை வெட்டினவன் எவனா இருந்தாலும் என் பொண்ணு கல்யாணப் பந்தியில உக்காரக் கூடாது. இது என் வார்த்தை." மாப்பிள்ளையே உட்காராத கல்யாணத்தை எப்படி நடத்துவது? அதனால்தான் அபொலேனா எங்களைக் கூப்பிட்டாள்.

"சார், நான் வெட்டல." ரதிம் மூன்றாவது தடவையாகச் சொன்னான். "தீட்டவும் இல்ல. ரொம்ப நாளா இதைத் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க வச்சேன்னு ஞாபகமே இல்ல."

"எங்கெங்க வேலை பார்த்தே?"

"எங்க பாக்கல? சர்ச் கூரை, மெதோத் மாமா கொட்டகை, விலெம் அண்ணன் மதுக்கடை மாடி. போற எடத்துல எல்லாம் எதையாச்சும் விட்டுட்டு வந்துருவேன் சார். போன வாரம் என் சுத்தியலை எங்கம்மா கோழிக்கூண்டுல கண்டுபிடிச்சாங்க."

"கல்யாணம் ஆனப்புறம் பொண்டாட்டியையும் எங்கயாவது வச்சிட்டு வந்துராதப்பா," என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. எனக்கே என் வாயின் மேல் கோபம் வந்தது. பரிகாரமாக அவன் ஊற்றியதில் இன்னொரு கிளாஸ் குடித்தேன்.

ஹனாக் கோடரியை அவனிடம் நீட்டினார். "தீட்டினது எப்படியிருக்கு? தச்சனா சொல்லு."

"அதான் சார் வயித்தெரிச்சல்! அருமையா தீட்டியிருக்கான். மெஷின்ல குடுக்கல. குடுத்திருந்தா சூட்டுல வாய் நீலம் பாஞ்சு பதம் போயிருக்கும். கையால அரம் போட்டு, கல்லுல தேச்சு, பொறுமையா செஞ்சிருக்கான். ஆனா இங்க பாருங்க." கோடரி வாயின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினான். கூராக இருக்க வேண்டிய மூலை, சோப்புக் கட்டியின் ஓரம் மாதிரி உருண்டிருந்தது. "மூலையை மழுக்கிட்டான்! இந்த மூலை இல்லாம மூட்டுக்குள்ள எப்படிச் செதுக்குறது? எந்த மடையன் இப்படிச் செய்வான்? இதை மறுபடி எடுக்கணும்னா வாயையே மொத்தமா அராவணும் சார். கோடாலிக்கு ஆயுசே போயிரும். இதைவிட கல்யாணம்…" சட்டென்று நிறுத்திக்கொண்டான். "இல்ல. கல்யாணம்தான் முக்கியம்."

காரில் ஏறியதும் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "நிரபராதி, தலைவரே. கல்யாணமே கவிழப் போகுது, இவன் மூலை போச்சேன்னு அழுவுறான். குற்றவாளி இவ்வளவு வெள்ளந்தியா இருக்க மாட்டான்."

"மூலை, யித்கா."

"என்ன மூலை?"

"தச்சனுக்கு அந்த மூலை வேணும். விறகு வெட்டுறவனுக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. மூலை இருந்தா ஆகாதுன்னு நெனக்கிற ஆளு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. ரதிமின் கோடரி சாக்குத் துணியில் சுற்றி என் பையில் இருந்தது. அதற்கும் தெரிந்த மாதிரி இல்லை.

லிப்காவாவின் மதுக்கடைக்காரர் விலெம், சாட்சிப் பொருளை ஒரு பீர் கிளாசில் போட்டு வியாபார மேசையின் நடுவில் வைத்திருந்தார். கிளாஸ் நிறைய மரச்சில்லு. வருகிற போகிறவர்கள் எல்லாம் ஒன்றை எடுத்து, கோட்டை விரலால் தடவிப் பார்த்து, டூபெக் ஊரின் வம்சத்தை இழுத்துத் திட்டிவிட்டு உள்ளே போட்டார்கள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க," என்று விலெம் கிளாசை எங்கள் பக்கம் தள்ளினார். கூடவே சாராயமும் வந்தது. "அந்தப் பய கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்."

ஹனாக் ஒரு சில்லை எடுத்தார். எல்லாரையும் போலக் கோட்டைத் தடவவில்லை. திருப்பி மறுபுறம் பார்த்தார். அப்புறம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"விழுந்த கம்பம் எங்கே?"

"எரிச்சாச்சு. மெதோத்துதான், 'அவமானத்தை ஊர் நடுவுல படுக்கப் போட்டு வேடிக்கை பாக்கணுமா'ன்னு அன்னிக்கே துண்டு போட்டுட்டாரு. பச்சை மரம் எங்க எரியுது? ஊரே ரெண்டு நாள் இருமுச்சு. அதுலயும் அடிமரத்தைத்தான் மொதல்ல தூக்கிப் போட்டாரு, குழிக்குள்ள இருந்த கட்டையைக்கூட விடாம தோண்டி எடுத்து. அவ்வளவு கோவம் மனுசனுக்கு."

"அடிமரத்தை மொதல்ல," என்றார் ஹனாக்.

"பின்ன? வெட்டுப்பட்ட எடமாச்சே. பாக்கவே வயிறு எரியும்ல?"

ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. நடுவில் குழி. ஒரு பக்கம் பாலர் பள்ளி, சிவப்பு ஊஞ்சல்களோடு. இன்னொரு பக்கம் பஸ் நிறுத்தம். பிறகு தீயணைப்பு நிலையம். பஸ் நிறுத்தத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே வெறும் புல்தரை, அதில் நெடுகப் பள்ளமாக ஒரு தடம். கம்பம் விழுந்த தடம்.

"டூபெக்காரனுங்க பள்ளிக்கூடத்து மேல சாய்க்காம விட்டானுங்களே, அந்த மட்டும் சந்தோஷம்," என்றார் விலெம். "அன்னிக்குக் காத்து அந்தப் பக்கமாத்தான் அடிச்சுது. பாவம், காத்தை எதிர்த்து வெட்டிச் சாச்சிருக்கானுங்க."

"மரியாதை தெரிஞ்ச எதிரி," என்றேன்.

ஹனாக் எழுந்தார். "இந்த ஊர்ல ஒடஞ்ச கோடாலியைச் சரி பண்ணி நல்லா கூர் வச்சுக் குடுக்கற ஆளு யாரு?"

"இது என்ன கேள்வி? மெதோத்துதான். அவரு கைக்குப் போகாத கோடாலி இந்த ஊர்ல கிடையாது. ஆனா இப்ப போகாதீங்க. கடிச்சு வச்சிருவாரு."

வெளியே வந்த ஹனாக் கார் டிக்கியைத் திறந்து, மழைக்காலத்தில் விழுந்த கிளை வெட்டுவதற்காக வைத்திருந்த தன் சொந்தக் கைக்கோடரியை எடுத்தார். கல்பாவிய தெருவோரம் குந்தி உட்கார்ந்தார். ஒரே போடு. தீப்பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தார், திருப்தியில்லை. இன்னொரு போடு போட்டார்.

"தலைவரே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? குடிச்சது நான்தானே?"

"வா," என்றார். "கோடாலி ஒடஞ்சுபோச்சு. சரி பண்ணணும்."

மெதோத் தன் கொட்டகையில் இருந்தார். அறுபது வயதுக்குமேல் இருக்கும். அகன்ற தோள், வெள்ளை மீசை, தூங்காத கண். எங்களைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணு கூட்டிட்டு வந்த ஆளுங்கதானே? எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த டூபெக் பயலைப் போய்க் கேளுங்க."

"பேச வரல," என்றார் ஹனாக். கோடரியை நீட்டினார்.

மெதோத் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தார். கண் கேட்கவில்லை. கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது. "ஐயோ," என்றார், அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்த்தவர் மாதிரி. "எந்தக் கழுதை இதைக் கல்லுல அடிச்சுது?"

"இந்தக் கழுதைதான்."

"உள்ள வாங்க."

சாராயம் ஊற்றினார். நான் குடித்தேன், இரண்டு பேருக்கும். அவர் கோடரியைப் பிடிப்பானில் இறுக்கி அரத்தை எடுத்தார். எடுத்த கணத்திலிருந்து நாங்கள் அங்கே இருப்பதை மறந்துவிட்டார்.

முதலில் வாயை நேர் குறுக்காக அராவினார். இருந்த கொஞ்ச நஞ்சக் கூரும் போனது. நான் பதறிவிட்டேன்.

"என்னங்க, இருந்ததும் போச்சே?"

"பொக்கையோட அடிவரைக்கும் வாயை மொட்டையாக்கிட்டுத்தான்மா மறுபடி கட்டணும். பள்ளத்தை மட்டும் நோண்டினா வாய் கோணிக்கும்." பிறகு புகைக்கரியை வாயின் இரண்டு கன்னத்திலும் பூசினார். அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளினார். கரி அழிந்த இடம் அரம் பட்ட இடம்; அழியாத இடத்துக்கு மறுபடி தள்ளினார். நடுநடுவே ஈரத் துணியால் துடைத்தார். மூலையில் தூசி படிந்த சாணை மெஷினை நான் காட்டினேன்.

"அதுவா? அது மச்சான் வாங்கிக் குடுத்தது. அது மேல சட்டை காயப் போடுவேன்."

அரம் முடிந்து ஈரக்கல் வந்தது. சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். விளிம்பில் எழும்பிய பிசிறைக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்தார். பெஞ்சில் ஆணியடித்து வைத்திருந்த பழைய தீயணைப்புத் துணிக்குழாயின் துண்டில் வாயை இழுத்து இழுத்துப் பிசிறை நீக்கினார். காம்பைத் துடைத்து எண்ணெய் பூசினார். ஒரு கட்டையின் முனையைச் சீவிக் காட்டினார். சீவிய முகம் கண்ணாடி போல இருந்தது, ஒரு கோடு இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, மறுபடி அரத்தை எடுத்தார். கோடரி வாயின் கீழ் மூலையில் வைத்து, மூன்று தள்ளு. மூலை உருண்டுவிட்டது.

எனக்குக் குடித்த சாராயம் எல்லாம் ஒரே நொடியில் இறங்கியது.

"மூலையை ஏன் எடுத்தீங்க?" ஹனாக்கின் குரலில் மாற்றமே இல்லை.

"குழாய் கிழியும்." மெதோத் வேலை முடிந்த நிறைவோடு பேசினார். "நான் படையில சேர்ந்த புதுசுல ஒரு களஞ்சியம் எரிஞ்சுது. என் இடுப்புல இருந்த கோடாலி மூலை பட்டுக் குழாய் நீளமா கிழிஞ்சு, தண்ணி எங்க மேலயே கொட்டுச்சு. களஞ்சியம் போச்சு. அன்னிலேர்ந்து என் கைக்கு வர்ற எந்தக் கோடாலிக்கும் மூலை விடமாட்டேன்."

"எந்தக் கோடாலிக்கும்."

"எந்தக் கோடாலிக்கும்."

ஹனாக் என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து, சாக்குத் துணியைப் பிரித்து, ரதிமின் கோடரியைப் பெஞ்சில் ஹனாக்கின் கோடரிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அதே வளைவு, அதே எண்ணெய் மினுமினுப்பு, அதே உருண்ட மூலை.

மெதோத் உட்கார்ந்துவிட்டார்.

நான் பொறுமைசாலி இல்லை. "நல்லாயிருக்குங்க! பொண்ணு மனசுக்குப் பிடிச்சவன் அடுத்த ஊர்க்காரன்னு, அவன் கோடாலியாலயே கம்பத்தை வெட்டி அவன் தலையில பழியைப் போட்டாச்சு. அப்புறம் மைதானத்துல நின்னு சபதம் வேற. பெத்த அப்பன் செய்யற காரியமா இது?"

"இல்ல, யித்கா," என்றார் ஹனாக்.

"எது இல்ல?"

"பழி போட நெனச்சவன் பொக்கையை அப்படியே விட்டு வச்சிருப்பான். சில்லுல இருக்கற கோட்டுக்கும் கோடாலிக்கும் ஒத்துப்போகணுமே. இவரு அதைத்தான் அழிச்சிருக்காரு." அவர் சட்டைப் பையிலிருந்து மதுக்கடைச் சில்லை எடுத்தார். "ஊரே கோட்டைப் பார்த்துச்சு. மரத்தை யாரும் பாக்கல."

சில்லைத் திருப்பி, பெஞ்சில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு பாதி வெள்ளையாக, உறுதியாக நின்றது. மறுபாதி செம்பழுப்புப் பொடியாக உதிர்ந்தது.

"உளுத்த மரம்," என்றார்.

மெதோத் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வனக்காவலர் வேற மரத்தைக் காட்டினாரு," என்றார். "எனக்கு மரம் பாக்கக் கத்துக்குடுக்கறியான்னு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிட்டேன். சாய்ச்சப்புறம் பார்த்தா அடியில நடுவுல பழுப்பு. சின்னதாத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் தாங்கும்னு சேத்தை அப்பி மறைச்சு நட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி காத்து வந்துச்சு. போய்க் கம்பத்துல காதை வச்சேன். உள்ள முறியற சத்தம் கேக்குது. பள்ளிக்கூடத்துப் பக்கமாச் சாயுது. விடிஞ்சா புள்ளைங்க வந்துரும். கொட்டகைக்கு ஓடியாந்தேன், இருட்டுல கையில கெடச்ச கோடாலியைத் தூக்கிட்டுப் போய் வேற பக்கமா வெட்டிச் சாச்சேன். அது ரதிமோடதுன்னே தெரியாது. கூரை வேலைக்கு வந்தவன் விட்டுட்டுப் போயிருக்கான், மறதிக்காரப் பய."

"காலையில உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். ஆனா எல்லாரும் டூபெக் டூபெக்னு கத்தினாங்க. சரி, எந்தப் பயலோன்னு போகட்டும்னு நானும் சேர்ந்து கத்தினேன். பேரு சொல்லாத பழி யாருக்கும் வலிக்காதுன்னு நெனச்சேன். மத்தியானம் விலெம் சில்லைத் தூக்கிட்டு வந்து கோட்டைக் காட்டினான். அப்பத்தான் எனக்கு உசுரே போச்சு. வீட்டுக்கு ஓடிவந்து பொக்கையை எடுத்து, ராத்திரியோட ராத்திரியா அவன் பட்டறையில வச்சிட்டு வந்தேன். பொக்கை இல்லாட்டி பய தப்பிச்சுருவான்னு நெனச்சேன்."

"கோடாலியைக் குளத்துல போட்டிருந்தா அவன் நெஜமாவே தப்பிச்சிருப்பான்," என்றார் ஹனாக். "காணாமப்போன கோடாலி காணாமப்போனதாவே இருந்திருக்கும்."

மெதோத் தலைநிமிர்ந்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"அடுத்தவன் கோடாலிங்க அது!"

ஹனாக் தலையை அசைத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கம்பத்தை வெட்டலாம், ஊரை ஏமாற்றலாம், அடிமரத்தை எரிக்கலாம். இரவல் சாமானைக் குளத்தில் போட முடியுமா? எங்கள் பக்கம் ஜாடி இரவல் வாங்கினால் பழம் போட்டுத்தான் திருப்பித் தருவோம்.

"பொக்கையை எடுத்ததோட நிறுத்தியிருக்கலாமே," என்றேன். "காம்புக்கு எண்ணெய் எதுக்கு?"

"தீட்டாம எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது? நான் என்ன காட்டுமிராண்டியா?"

"அதனாலதான் அவன் மாட்டினான்," என்றார் ஹனாக். "இத்தனை பளபளப்பா இல்லாம இருந்திருந்தா ஒருவேளை நம்பியிருப்பாங்க."

"அப்பா."

நாங்கள் மூவரும் திரும்பினோம். கதவருகே அபொலேனா நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. கல்யாணத்துக்கு முன்னால் வீடு வீடாகக் கொடுக்கிற கோலாச் என்ற இனிப்பு ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தவள். பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது, கம்பம் விழுந்ததால் மீதிப் பாதி நின்றுபோயிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கண்ணைப் பார்த்தால் போதுமான அளவு நேரம் என்று தெரிந்தது.

"மாவு பொங்கிக்கிட்டு இருக்குப்பா," என்றாள். "சுடவா, பன்னிக்குப் போடவா? சொல்லுங்க."

மெதோத் அவளைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கோடரிகளையும் பார்த்தார். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தீயணைப்புப் படைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டார்.

"சுடு," என்றார்.

ஊரைக் கூட்ட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டார். படைக்காரர்கள் தலைக்கவசத்தோடு ஓடி வந்தார்கள், பின்னால் வாளிகளோடு ஊர். எரிகிற வீட்டைத் தேடியவர்களுக்கு, கம்பத்துக் குழியின் ஓரத்தில் தனியாக நின்ற மெதோத் மட்டும் கிடைத்தார்.

"கம்பத்தை வெட்டினது நான்," என்றார். "மரம் உளுத்திருந்தது. தெரிஞ்சேதான் நட்டேன். வனக்காவலர் சொன்னதுதான் சரி, அவரைக் கேலி பண்ணினது தப்பு. அந்தப் பையன் ரதிம் இதைத் தொடக்கூட இல்ல. அவன் மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு."

வாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. கடைசியில் விலெம், பெருத்த ஏமாற்றத்தோடு கேட்டார்: "அப்போ டூபெக்காரன் ஒருத்தன்கூட இல்லையா?"

"ஒருத்தன்கூட இல்ல."

"நாங்க அவனுங்களை இவ்வளவு திட்டினது?"

"அடுத்த வருஷத்துக் கணக்குல வச்சுக்கலாம்," என்றேன். ஊர் அதை நியாயமான தீர்ப்பாக ஏற்றுக்கொண்டு வாளிகளோடு திரும்பிப் போனது.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டுப் பந்தி போட்டார்கள். எங்களுக்கும் அழைப்பு. ரதிமின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் அவனுடைய கைக்கோடரி. வாயை மொத்தமாக அராவி, மறுபடி கட்டி, கீழ் மூலையைக் கத்தி முனையாக எழுப்பியிருந்தார் மெதோத். வாழ்நாளில் அவர் விட்டுவைத்த ஒரே மூலை அதுதான். ரதிம் அதை விரலால் தொட்டுப் பார்த்து, ரத்தம் வந்து, ஆனந்தமாகச் சிரித்தான்.

ஈரல் உருண்டை போட்ட சூப் வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குப் போட்ட நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அவர் படைச் சட்டையோடு சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உக்காருங்க," என்றான் ரதிம்.

"முடியாது. வெட்டினவன் இந்தப் பந்தியில உக்காரக் கூடாதுன்னு சொன்னேன். ஊர் பூரா கேட்டுச்சு."

"அது நீங்க சும்மா சொன்னது மாமா."

"சொன்னது சொன்னதுதான், மாப்ளே." அவர் அந்த வார்த்தையை முதன்முறையாகச் சொன்னார் என்பது அபொலேனா தலையைத் திருப்பிக்கொண்ட விதத்தில் தெரிந்தது. "நீங்க சாப்பிடுங்க. எனக்குக் கால் வலிக்காது."

ரதிம் தன் சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். நடந்துபோய் மாமனாருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று குடிக்க ஆரம்பித்தான். அபொலேனா வெள்ளை கவுனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. விலெம் எழுந்தார், டூபெக்கிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள், வனக்காவலர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஊரும் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தன. மெதோத்தின் மீசை நனைந்தது. சூப் ஆவி என்று யாரோ சொன்னார்கள், நானும் அப்படித்தான் என்றேன்.

ஹனாக் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கோலாச் தட்டு இருந்தது. எங்கள் கூலி அதுதான் என்று பேச்சு.

"எல்லாரும் நிக்கிறாங்க, தலைவரே."

"தெரியுது," என்றார். வாயில் இருந்ததை மென்று முடித்தார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு தன் முன்னால் இருந்த பிளம் சாராயத்தை வழக்கம்போல என் பக்கம் நகர்த்தினார்.